இரண்டு மீட்டர் கூட

லாரி டிரைவருக்கு இடது கால் வேலை செய்யவில்லை. பக்கவாதம். பயிற்சி செய்தால் நடக்கலாம், இல்லாவிட்டால் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பயிற்சி என்றால் கம்ப்யூட்டர் விளையாட்டு. தரையில் ஆடுகிற பலகை ஒன்று. அதில் ஏறி நிற்க வேண்டும். திரையில் ஒரு பொம்மை கயிற்றில் நடக்கும். இவர் சாய்ந்தால் அதுவும் சாயும். எடை, காற்று எல்லாம் நிஜக் கயிறு மாதிரியே. விழுந்தால் விழுந்ததுதான்.

"முப்பது வருஷம் லாரி ஓட்டினவனை பொம்மையோட விளையாடச் சொல்றாங்க. நாளையிலேர்ந்து நான் வரலை."

மனைவி தரதரவென்று இழுத்து வந்தாள். அன்று திரையோரத்தில் ஒரு பட்டியல். டிரைவர், ஆறு மீட்டர். அவருக்கு மேலே புலி, எட்டு மீட்டர்.

"யாரும்மா இந்தப் புலி?"

"சாயங்காலம் வர்றவங்க சார்," என்றாள் பயிற்சி தருகிற பெண்.

"புலியாம் புலி."

அன்று பத்து மீட்டர் போனார். மறுநாள் பார்த்தால் புலி பன்னிரண்டு. இவர் இருபது போனார். புலி இருபத்திரண்டு.

"அதென்ன, எப்பவும் சரியா ரெண்டு மீட்டர் கூட? மெஷின்ல ஏதோ தில்லுமுல்லு."

"உங்களுக்கு வயித்தெரிச்சல்," என்றாள் மனைவி.

"நீ யார் பக்கம்?"

"ஜெயிக்கிறவங்க பக்கம்."

வீட்டிலும் அதே பேச்சு. சாப்பிடும்போது புலி. பல் தேய்க்கும்போது புலி.

ஒரு மாதம் போனது. இவர் ஐம்பது. புலி ஐம்பத்திரண்டு.

அன்று மாலை மனைவி வழக்கம்போல மருந்துக் கடைக்குப் போய்விட்டாள். டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். புலியை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

இரண்டு தெரு. அப்புறம் மாடிப்படி.

பயிற்சிக்கூடத்தின் கதவருகே அந்தப் பெண் மறித்தாள்.

"சார், கைத்தடி எங்கே?"

"வீட்டுல கிடக்கு. அந்த ஏமாத்துக்காரன் எங்கே?"

"ஏமாத்துதான் சார். நூறு மீட்டரும் அசராம போறவங்க. உங்களைவிட ரெண்டு மீட்டர் கூடினதும் வேணும்னே குதிச்சிடறாங்க."

"எதுக்கு?"

"அதுக்கு மேல போனா நீங்க வெறுத்துப்போய் விட்டுடுவீங்களாம்."

டிரைவர் அவளை விலக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் விரித்து, திரையை முறைத்தபடி பலகையில் நின்றுகொண்டிருந்தாள் அவர் மனைவி.