எது மலிவு?

பஸ் டிரைவர் தலையைச் சொறிந்தார். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட இன்றே கடைசி. கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்தாலோ பேங்க் அபராதம் போட்டுவிடும்.

"அந்த அபராதத்துல பாதிதான் அண்ணே என் வட்டி," என்றான் கண்டக்டர். "இப்போ கையில இல்ல. வீட்டுல சொல்லிப் புரட்டித் தர்றேன்."

மதியமே பணம் வந்தது. ஃபீஸைக் கட்டிவிட்டு, பேங்க்குக்கே டிமிக்கி கொடுத்த தெம்போடு வீட்டுக்கு வந்தார்.

மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "என்னங்க, கண்டக்டர் சம்சாரம் அவசரம்னு வந்து நின்னா. வட்டிக்குக் குடுத்திருக்கேன்."

"உன்கிட்ட ஏது பணம்?"

"நம்ம ஜாயிண்ட் அக்கவுண்ட்லதான். இருப்புக்கு மேல எடுத்ததுக்கு அபராதமாம். போனாப் போகுது, வட்டி வருதுல்ல?"

டிரைவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வரும். அதையும் நான்தான் கட்டணும்."