சேமிப்பதற்குள்

துடைப்பங்களுக்கும் பினாயில் டப்பாக்களுக்கும் நடுவில், மடியில் லேப்டாப்போடு நெட்வொர்க்காரம்மா சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் நெட்வொர்க் பெட்டியின் பச்சை விளக்குகள் கல்யாணப் பந்தல்போல் மினுமினுக்கின்றன. அலுவலகம் முழுவதற்குமான வைஃபை அமைப்புகளைக் காலையிலிருந்து முதுகொடியத் தட்டி முடித்தாயிற்று. சேமிப்பதுதான் பாக்கி; அதற்குள் பெட்டிக்கு மின்சாரம் போனால் அத்தனையும் அழிந்துவிடும். விரல் இறங்கும் நேரத்தில் மேனேஜர் நுழைந்து, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீ கெட்டிலைச் சொருகுகிறார்.

"ரெண்டே நிமிஷம்மா, திரும்ப மாட்டிடறேன்."

பந்தல் இருண்டுபோகிறது. அவள் திறந்த வாயில் ஒரு லாரியே திரும்பலாம். அவரோ கைபேசியைக் கூரைவரை தூக்கிப் பார்த்துக் கத்துகிறார்: "என்னம்மா வேலை பாக்கறீங்க? இருந்த நெட்டும் போச்சே!" கெட்டில் மெல்லச் சீறத் தொடங்குகிறது. அவள் எழுந்து, கொதி வரும் தறுவாயில் அதன் பிளக்கைப் பிடுங்குகிறாள்.

"ரெண்டே நிமிஷம் சார்."