மிளகாய் அரைத்த ஞாயிறு

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள் அன்புக்கரசி. பக்கத்துக் கல்லில் அரைத்த அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"நகை களவு போயிருச்சுங்களா கண்ணு?"

"இல்லீங்க."

"அப்ப ஊட்டுக்காரரா?"

"அவரு தங்கமுங்க. இது எங்க எம்.டி.க்கு!"

அநியாயம் செய்தவரை நினைத்து மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால் அம்மன் கேட்பாள் என்பது அங்கே வழக்கம். எம்.டி. சென்னியப்பன் திருடவில்லை, ஏமாற்றவில்லை. மனுஷன் எதற்கும் அசரமாட்டார், அதுதான் வினை.

கோயமுத்தூரில் அவர் கம்பெனியின் புது மாடல் பம்பு, ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் புகைந்தது. "தோத்தாத்தானுங்க வெறி வரும்" என்று சிரித்தபடி, எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். அட கொடுமையே!

உடுமலைப்பேட்டைத் தோட்டக்காரர் ஒருவர், ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்த அந்தப் பம்பைக் கொண்டுவந்து கம்பெனி வாசலில் போட்டு, வண்டை வண்டையாகத் திட்டினார். சென்னியப்பன் அவருக்குப் பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

கூட வேலை பார்க்கும் மெர்சியும் வந்திருந்தாள். "சர்ச்சுல சொல்லி அழுதேனுங்க்கா. மன்னிச்சுருன்னுட்டாங்க. அதான் இங்க வந்துட்டேன்."

"காச்சல்னு பொய் சொல்லிப்போட்டு வந்துருக்கறேன் மெர்சி" என்றாள் அன்புக்கரசி. "எம் புள்ள, 'ஞாயித்துக்கிழமையாச்சும் ஊட்டுல இரும்மா'ன்னு அழுவுறா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"யாருக்குங்க அரைக்கிறீங்க?"

முதுகுக்குப் பின்னால் கேட்ட குரலுக்கு இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பம்பின் பெயருக்கு அர்ச்சனை செய்த தட்டோடு சென்னியப்பன் நின்றிருந்தார்.

வேலை போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டாள் அன்புக்கரசி. "உங்களுக்குத்தானுங்க சார். ஞாயித்துக்கிழமை லீவு உடோணும்னு அரைக்கறோமுங்க."

அவர் முகம் கொஞ்சமாவது வாட வேண்டுமே! குனிந்தார், அரைத்த விழுதை விரலால் தொட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு நாள் அரைச்சுப்போட்டு உட்டா எப்புடிங்க அம்மணி? இனி வாராவாரம் ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து அரைங்க, நானே வேன் அனுப்பறேன்!"