நீல டேப்புக்கு இந்தப் பக்கம்

கதவுக்கு உள்ளே, தரைக்குக் குறுக்காக நீல டேப் ஒட்டியிருந்தது.

டேப்புக்கு அந்தப் பக்கம் பெனிற்றா நின்றாள். ஆறு வயது. விமான நிலைய அதிகாரியைப் போலக் கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"சப்பாத்தோட கோட்டைத் தாண்டக் கூடாது, அம்மப்பா."

அம்பலவாணன் தன் பேத்தியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மகள் கஜந்தினி கிளின்ரனைத் தேவாலயத்தில் கலியாணம் கட்டியபோது அவர் போகவில்லை. அடுத்த மாதமே கிளின்ரனின் வேலை அவர்களை ஜப்பானுக்குக் கொண்டு போய்விட்டது. இப்போது திரும்பி வந்து லண்டன் வால்தம்ஸ்டோவில் இருக்கிறார்கள்.

நண்பர் கிருஷ்ணராசா, அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று பொய் சொல்லி அவரைக் காரில் ஏற்றி வந்திருந்தார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்புவதென்று பேச்சு. அதனால் அம்பலவாணன் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

ஜப்பானிய வீடுகளில் வாசல் தரை ஒரு படி தாழ்ந்திருக்கும். தெருத் தூசி அந்தப் பள்ளத்தோடு நின்றுவிடும். சப்பாத்தைக் கீழே கழற்றிவிட்டு, மேலே ஏறியதும் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்வார்கள். லண்டன் வீட்டில் படி இல்லை. அதனால் கிளின்ரன் டேப் ஒட்டியிருந்தான்.

பெனிற்றா இரண்டு சோடிச் செருப்புகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

கிருஷ்ணராசாவின் குதிக்கால் பாதி வெளியே நின்றது. "இது உன்ரை அளவோ, பிள்ளை?" என்றார்.

அம்பலவாணன் குனிந்து பார்க்கவில்லை. குசினி வாசலில் கஜந்தினி நின்றாள். அவளைப் பார்த்தபடியே கால்களை நுழைத்தார்.

"வாங்கோ அப்பா" என்றாள்.

எல்லோருக்கும் சேர்த்துக் கிருஷ்ணராசாவே பேசினார். கிளின்ரன் தேத்தண்ணியை வைத்துவிட்டு, சீனி எடுக்கப் போகிறவனைப் போலக் குசினிக்குள் போனான். சீனி மேசையில்தான் இருந்தது.

அம்பலவாணன் சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்கப் படங்கள்.

நாராவில் ஒரு மான் பெனிற்றாவின் தொப்பியைத் தின்கிறது. இடுப்பளவு பனியில் மூவரும் நிற்கிறார்கள். கடுகதி ரயிலில் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்குகிறது.

இவற்றுக்கு நடுவே மூன்று வாசல்கள். நகோயா, செண்டாய், ஃபுகுவோகா. ஊர் மாறும்போதெல்லாம் புதிய வீட்டு வாசலில் ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். முதல் வாசலில் பெனிற்றா கைக்குழந்தை. இரண்டாவதில் சப்பாத்து அலுமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். மூன்றாவதில் முதுகை மறைக்கிற சிவப்புப் பள்ளிப் பை.

மூன்று படங்களிலும் படியின் ஓரத்தில் செருப்புகள் வரிசையாக இருந்தன. குடும்பத்தில் மூன்று பேர். செருப்பு நான்கு சோடி.

நான்காவது, ஆண்கள் போடுகிற மண்ணிறச் செருப்பு. ஓரத்தில் வெள்ளை நூல் தையல்.

அம்பலவாணனுக்கு விளங்கியது. யாக்கோப்பு. கிளின்ரனின் தகப்பன். பிள்ளை பிறந்தபோதும், எழுந்து நின்றபோதும், பள்ளிக்கூடம் போனபோதும் அந்த மனிதர் போய்ப் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

பாதித் தேத்தண்ணியோடு கோப்பையை வைத்தார். "கிருஷ்ணா, வெளிக்கிடுவம்."

"இருங்கோ அப்பா, ரோல்ஸ் பொரிக்கிறன்" என்றாள் கஜந்தினி.

"வேண்டாம் பிள்ளை. வேலை கிடக்கு."

"அண்ணைக்குப் பென்ஷன் எடுத்த பிறகுதான் வேலை கூட" என்று சொல்லிக்கொண்டே கிருஷ்ணராசா எழுந்தார்.

டேப்புக்கு வெளியே கிருஷ்ணராசாவின் சப்பாத்து கதவைப் பார்த்தபடி இருந்தது. அவர் கழற்றிவிட்டபோது அது வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாருங்கோ அண்ணை, திருப்பி வைச்சிருக்கினம். போகட்டாம்."

அப்படியில்லை. விருந்தினரின் சப்பாத்தை வாசல் பக்கம் திருப்பி வைப்பது ஜப்பானில் மரியாதை. போகும்போது அவர் திரும்பி நின்று தடுமாற வேண்டாம்; காலை நேரே நுழைத்துக்கொண்டு நடக்கலாம். கிருஷ்ணராசா அப்படியே நடந்து, காரை எடுக்க முன்னால் போனார்.

அம்பலவாணனின் சப்பாத்தைக் காணவில்லை.

அவர் சுற்றிப் பார்த்தார். பெனிற்றா வாசலோரம் இருந்த சப்பாத்து அலுமாரியைத் திறந்தாள்.

திருப்பி வைப்பது விருந்தினரின் சப்பாத்தை மட்டும்தான். வீட்டு ஆட்களுடையது தரையில் கிடக்கக் கூடாது. அலுமாரிக்குள், அவரவர் தட்டில் போக வேண்டும்.

அலுமாரியில் நான்கு தட்டுகள். கிளின்ரனுடையது, கஜந்தினியுடையது, பெனிற்றாவுடையது. நான்காவதில் அம்பலவாணனின் கறுப்புச் சப்பாத்து இருந்தது.

"இது உன்ரை அப்பப்பாவின்ரை தட்டெல்லோ?" என்று கேட்டார். குரல் அவர் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

"இல்லை. அப்பப்பாக்கு பிளேன் எண்டாப் பயம். அங்க ஒருக்காலும் வரேல்லை."

"அப்ப அந்தப் படத்தில இருக்கிற செருப்பு ஆரின்ரை?"

பெரியவர்கள் விடை தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வி என்று பெனிற்றா நினைத்திருக்க வேண்டும். சிரித்தபடி அவருடைய கால்களைக் காட்டினாள்.

அம்பலவாணன் குனிந்து பார்த்தார்.

மண்ணிறம். ஓரத்தில் வெள்ளை நூல் தையல். குதிக்கால் வெளியே நிற்கவில்லை, முன்னால் இடமும் மிச்சமில்லை. இத்தனை வருடத்தில் தோலில் ஒரு மடிப்புக்கூட விழுந்திருக்கவில்லை.

குசினி வாசலில் நின்ற கஜந்தினி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே கிருஷ்ணராசா ஹோர்ன் அடித்தார்.

அம்பலவாணன் ஜாக்கெட்டைக் கழற்றினார். அதை எங்கே மாட்ட வேண்டும் என்பதற்கும் இந்த வீட்டில் ஒரு முறை இருக்கும். அவர் பேத்தியைப் பார்த்தார்.