பந்தல் வரைக்கும் கேட்க வேண்டும்

ஜானகியின் குரல் கேட்டுத்தான் புஷ்பவல்லிக்கு விழிப்பு வந்தது.

கனவில்லை. மூன்று வருடமாக மஸ்கட்டில் இருக்கும் மகள், சாத்தியிருந்த அறைக்கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

வந்துவிட்டாள்.

தந்தி கிடைத்த கையோடு புறப்பட்டிருப்பாள். திருச்சியில் இறங்கி, உடையார்பாளையத்துக்கு பஸ் மாறி, கால் கழுவக்கூட நிற்காமல் அழ உட்கார்ந்துவிட்டாள், பைத்தியக்காரி.

புஷ்பவல்லி எழுந்திருக்கப் பார்த்தாள். கம்பவுண்டர் காலையில் வந்து போட்டுவிட்டுப் போன ஊசி, உடம்பைக் கட்டிலோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான். ஜானகியை ஒருதரம் பார்க்க வேண்டும். மகன் பஞ்சநாதனிடம் எதையும் ஒளிக்காமலே சொன்னாள். அவள் வரட்டும், தாய்வீட்டுச் சீதனமாக எனக்கு வந்த மேலக்காட்டு முந்திரித் தோப்பை அவள் பேருக்கு எழுதிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடுகிறேன்.

அவனும் முகம் கோணவில்லை. மறுநாளே ஜெயங்கொண்டம் போய்வந்து, தந்தி கொடுத்தாயிற்று என்றான்.

கூடத்தில் அழுகை ராகம் பிடித்தது.

“கொள்ளிடத்துத் தண்ணி வத்தும், எங்கண்ணீரு வத்தலியே... என்னப் பெத்த அம்மா...”

ஒப்பாரி. யார் செத்தது என்று யோசித்தாள் புஷ்பவல்லி.

“மேலக்காட்டு முந்திரியெல்லாம் மொட்டு அவுந்து நிக்குதம்மா, நட்டு வெச்ச மகராசி நடுவூட்டுல சாஞ்சியே...”

நட்டு வைத்தவள் அவள்தான்.

தான் செத்துத்தான் போய்விட்டோமோ என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். விரல் மட்டும் அசைந்தது; தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். வலித்தது.

டக்கென்று அழுகை நின்றது. சர்ரென்று என்னவோ பின்னால் ஓடியது. பிறகு அதே வரி. அதே விம்மல். அதே இடத்தில் அதே மூக்குறிஞ்சல்.

“சத்தம் பத்துதா, அமிர்தம்? பந்தல் வரைக்கும் கேக்கணும். பெத்த மவ அழுவாத சாவுன்னு நாளைக்கு ஊருல ஒரு நாக்கு பேசிடக் கூடாது.” மகனின் குரல்.

“கொழா ஸ்பீக்கர் செட்டுல குடுத்தா மீன்சுருட்டி வரைக்கும் கேக்கும். மொதல்ல ஒங்க தங்கச்சி வாய மூடுங்க, அத்தை முழிச்சுக்கப் போறாங்க.” மருமகள் அமிர்தவல்லி.

டேப்ரிக்கார்டர்.

பஞ்சநாதன் பள்ளிக்கூட வாத்தியார். வாரப் பத்திரிகைகளில் விஞ்ஞானக் கதைகள் எழுதுவான். பரிசு வாங்கிய கதையை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். கி.பி. இரண்டாயிரத்தில் பிள்ளைகள் தாயின் சாவுக்கு வரமாட்டார்கள். அழுவதற்கு ஓர் இயந்திரத்தை அனுப்பிவைப்பார்கள். அது சரியாக அழுதுவிட்டுப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கடைசிப் பக்கத்தில் அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். எந்தப் பிள்ளையாவது அப்படிச் செய்யுமா என்று அவள்தான் சிரித்துத் தேற்றினாள்.

இதோ, அவள் வயிற்றில் பிறந்ததே செய்துவிட்டது.

தந்தியைப் படித்துவிட்டு, வருவதற்குப் பதிலாகப் பாடி அனுப்பியிருக்கிறாள். இன்னும் உயிர் போகாதவளுக்கு. மாரில் அடித்துக்கொள்கிற சத்தத்தைக்கூட விட்டுவிடாமல்.

கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது.

வராதவளுக்குக் காடு எதற்கு? கூட இருந்து மலமூத்திரம் அள்ளிப் போட்டவன் பஞ்சநாதன். நாக்கு திரும்பியதும் அவனைக் கூப்பிட்டு, உன் பேருக்கே எழுதிக்கொள் என்று சொல்லிவிட வேண்டும். அந்த முடிவுக்கு வந்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

கூடத்தில் ஒப்பாரி முடிந்தது. நாடா மட்டும் ஓடுகிற இரைச்சல். அப்புறம் ஜானகி, அழுகையே இல்லாத தன் வழக்கமான குரலில் பேசினாள்.

“போதுமாண்ணே? ஒன் கதைய ரேடியோ நாடகமாப் போடறாங்க, அதுக்கு வேணும்னியேன்னுதான் பாடினேன். அம்மா குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப ஒப்பாரி வெக்க நாக்கு கூசுது. அது காதுல வுழுந்துடாமப் பாத்துக்க. ஒடம்பு நல்லாருக்குன்னு எழுதியிருந்த, அதான் நிம்மதி. ஏதாச்சும் ஒண்ணுன்னா ஒரு தந்தி போடுண்ணே, அடுத்த பிளேனுலயே...”

டக்.

“கடைசியில பேசுனத மட்டும் அழிச்சுடணும்,” என்றான் பஞ்சநாதன், தணிந்த குரலில்.

கதவு திறந்தது. விழித்திருந்த தாயைப் பார்த்ததும் வாசலிலேயே ஒரு கணம் நின்றான். பிறகு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். தோள் துண்டின் நுனியை எடுத்து, வலிக்காமல், இரண்டு காதோரமும் துடைத்துவிட்டான்.

“எதுக்கும்மா அழுவுற? இன்னைக்கும் தபாலாபீசுல கேட்டுட்டுதான் வரேன். அவதான் பதிலே போட மாட்டேங்கறா.”

அவளுக்கு இன்னும் நாக்கு திரும்பவில்லை.

துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அவனும் சலிக்காமல் துடைத்துக்கொண்டே இருந்தான்.