பூரி பதுங்கும் இடம்

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டதுமே நாய் பூரிக்குத் தெரிந்துவிடும். வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினால் குணசீலன் குடிக்காமல் வருகிறான். தவமணி புருஷனுக்குத் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். பூரி கட்டிலுக்கடியில் பதுங்கினால் மகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாள். பைக் சத்தத்தை அவள் ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லை. நாயைப் பார்த்தால் போதுமென்று இருந்துவிட்டாள்.

போன வாரம் பூரியால் சட்டென்று கட்டிலுக்கடியில் நுழைய முடியவில்லை. ஒரே உதை. விடிந்ததும் குணசீலனே குழி தோண்டி, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டே புதைத்தான்.

இன்று பைக் தெருமுனை திரும்பியது. தவமணி கையில் கரண்டியோடு பழக்கதோஷத்தில் கீழே பார்த்தாள். மகள் பொம்மையைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தாள்.

"நீயும் வாம்மா," என்றாள் உள்ளிருந்து. "பூரி இடம் சும்மாத்தான இருக்கு."