புல்வெளி முனையில் ஒரு பலகை

கொலீன் பாறைகளை எடுத்துவிட்டாள்.

புல்வெளிக்குள் ஜீப் போகாமல் இருக்க, போன மாதம் அவளே கொண்டுவந்து போட்ட பாறைகள். சனிக்கிழமை என் ஜீப்பை இரவல் வாங்கி, இரும்புக் கயிறு கட்டி, ஒவ்வொன்றாக இழுத்து ஓரம் கட்டினாள். எங்கள் வனக்காவலருக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு காலை நானும் அவளும் ஃபிர் மரங்களுக்குப் பின்னால் பிளாஸ்க் காப்பியோடு குந்தியிருந்தோம்.

எதிரே பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம், மலை விளிம்பை ஒட்டி ஏரிக்குப் போகும் புதுப் பாதை. இடது பக்கம், புல்வெளி வழியாக அதே ஏரிக்குப் போகும் பழைய பாதை; அதன் முனையில், பாறைகள் இருந்த இடத்தில், இப்போது கொலீன் நட்ட ஒரு புதுப் பலகை. பழையதை மூடி இரண்டு வருடம் ஆகிறது. ஐடஹோவில் ஜூன் மாதம் புல்வெளித் தரை பாலில் ஊறிய ரொட்டி மாதிரி இருக்கும். ஒரு டயர் போனால் அந்தத் தடம் மறையப் பல வருடம் ஆகும்.

மூடியதெல்லாம் காகிதத்தில்தான்.

எங்கள் ஜீப் சங்கத்து ஆட்கள் அப்படி. கொலீன் முதலில் மரவேலி போட்டாள். அடுத்த வாரமே அது விறகாகி, அதன் மேல் மான் இறைச்சி வெந்தது. 'நுழையக் கூடாது' என்று பலகை வைத்தாள். துப்பாக்கி சுட்டுப் பழக அது வசதியாக இருந்தது. அப்புறம்தான் பாறைகள். யாரோ படம் எடுத்துப் போட்டுவிட, அந்தப் பாறைகளில் ஏறிப் பார்ப்பதற்கென்றே பக்கத்து மாநிலமான மொன்டானாவிலிருந்து ஜீப்புகள் வந்தன. இருப்பதிலேயே பெரிய பாறைக்கு மாமியார் என்று பெயரும் வைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் ஆள் எங்கள் சங்கத் தலைவர் டுவெய்ன். அவன் எந்தப் பக்கம் திரும்புகிறானோ அந்தப் பக்கம்தான் மற்றவர்களும்.

வனத்துறை மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது. புல்வெளியில் இன்னும் ஒரு தடம் விழுந்தால், அடிவாரத்து இரும்புக் கேட்டுக்குப் பூட்டு. அப்புறம் ஏரி இல்லை, மலை இல்லை, எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. கொலீனிடம் கிசுகிசுத்தேன்.

"இருந்த பாறையையும் எடுத்துட்டு இப்படி ஒரு பலகையா? நிஜமாவே எவனாவது நம்பி உள்ள போயிட்டான்னா?"

"அதுக்குத்தானே இங்க உக்காந்திருக்கோம். வாயை மூடிக்கிட்டு காப்பியைக் குடி."

சத்தம் முதலில் வந்தது. பிறகு ஜீப்புகள், வரிசையாக. முன்னால் டுவெய்ன். அவன் டயர் என் இடுப்பு உயரம்.

வழக்கம்போல இடது பக்கம் ஒடித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிரேக் கிறீச்சிட்டது.

டுவெய்ன் பலகையைப் படித்தான். பச்சை வட்டம் போட்டு, அழகான எழுத்தில் கொலீன் எழுதியிருந்தாள்: 'எளிய பாதை. புதிதாக ஓட்டப் பழகுவோருக்கும், கைக்குழந்தையோடு வரும் குடும்பங்களுக்கும் உகந்தது.'

"என்ன தலைவரே, பால் புட்டி கொண்டாந்திருக்கீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லா ஜீப்பிலும் சிரிப்பு.

டுவெய்னின் காது சிவந்தது. "இதுல எவன்டா போவான்? மேல விடுங்கடா!"

வலது பக்கம் திரும்பினான். அத்தனை பேரும் திரும்பினார்கள். கடைசி ஜீப்காரன் அந்தப் பலகையைப் பார்க்காதது மாதிரி முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு போனான்.

கொலீன் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. வனத்துறையில் இருக்கிறாளே என்று பார்க்காமல் அவளைத் தூக்கிச் சுற்றலாம் போல எனக்கு இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு எஞ்சின் சத்தம் திரும்பி வந்தது.

டுவெய்ன். தனியாக.

முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். மெதுவாக ஜீப்பின் மூக்கை இடது பக்கம் திருப்பினான். கொலீன் எழுந்து போய் நடுப்பாதையில் நின்றாள். நான் மரத்தை விட்டு வரவில்லை.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எஞ்சின் சூடாயிடுச்சுன்னு பசங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன். அந்த விளிம்பு இருக்கே கொலீன்... புதுப் பாதை திறந்த அன்னைக்கே என் சக்கரம் ஒண்ணு அந்தரத்துல தொங்கிடுச்சு. அதுல இருந்து, அந்தப் பக்கம் போனாலே கை நடுங்குது."

வேலியை உடைத்ததும் பாறையில் ஏறியதும் வீரம் என்றுதான் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். இரண்டு வருடமாக இந்த மனிதன் விளிம்புக்குப் பயந்துதான் புல்வெளி வழியாகப் போயிருக்கிறான்.

கொலீன் திட்டவில்லை.

"நாளைக்கு விடிஞ்சதும் வா. ஒருத்தனும் இருக்க மாட்டான். நான் முன்னால நடந்து கை காட்டுறேன். பள்ளத்தைப் பார்க்காத, என் கையை மட்டும் பாரு. ஒரு வாரம் பழகினா சரியாயிடும். அதுவரைக்கும் இந்தப் புல்லுல உன் டயர் படக் கூடாது."

சின்னப் பையன் மாதிரி தலையாட்டினான். கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"சேகருக்கு மட்டும் தெரியவே கூடாது. அவன் வாய் சும்மா இருக்காது. ஊர் பூரா சொல்லிடுவான்."

"சேகரா? அவன்கிட்ட நான் ஏன் சொல்லப் போறேன்" என்றாள் கொலீன், என் மரத்தின் பக்கம் திரும்பாமலே.

கொசு கடித்தது. அசையவில்லை. இருமல் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

அன்று முதல் எங்கள் மாவட்டத்தில் இதை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. ஆனால் டுவெய்ன் சொன்னதும் பொய் இல்லையே, என் வாய் சும்மா இருக்காதே. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.